மிச்சமிருந்த கண் சொட்டு மருந்து



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, "இதுவரை என்ன மருந்து எடுத்தீர்கள்?" என்பதுதான். கண் நோய்க்காக வருகிறவர்களில் பலர் பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துக் காட்டுவார்கள். "போன தடவை மச்சானுக்குக் கண் வலி வந்தப்போ டாக்டர் எழுதிக் கொடுத்தது. மிச்சம் இருந்துச்சு, போட்டோம்" என்பார்கள்.

அப்படி ஒரு தாய் தன் மகனை அழைத்து வந்தார். இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் வேலை செய்கிற இளைஞர் அவர். ஒரு கண் மட்டும் சிவந்து, நீர் வடிந்து, வெளிச்சத்தைப் பார்த்தால் கூசியிருக்கிறது. வீட்டில் இருந்த சொட்டு மருந்தைப் போட்டதும் இரண்டே நாளில் சிவப்பு வடிந்துவிட்டது. குணமாகிவிட்டது என்று நினைத்து, தொடர்ந்து அதையே போட்டிருக்கிறார்கள். பத்து நாளில் அந்தக் கண்ணில் புகை படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. கண் மருத்துவர் பரிசோதித்தபோது கருவிழியில் வைரஸ் கிருமியால் வந்த புண் பெரிதாகப் பரவியிருந்தது. போட்ட மருந்தில் ஸ்டீராய்டு இருந்தது.

அந்தத் தாய் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: "சிவப்புதான் போயிடுச்சே, அப்புறம் எப்படிப் புண்ணு பெருசாச்சு?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த மாதப் பாடம்.

கண் சிவப்பு ஒன்று, காரணங்கள் பல

கண் சிவந்தால் எல்லாவற்றையும் நாம் "கண் வலி" என்றே சொல்கிறோம். ஆனால் சிவப்பு என்பது ஓர் அடையாளம் மட்டுமே. அதன் பின்னால் இருப்பவை வெவ்வேறு நோய்கள்.

ஒவ்வாமை: இரண்டு கண்ணும் அரிக்கும். தேய்க்கத் தேய்க்க இன்னும் அரிக்கும். தூசி, புகை, பருவ மாற்றம் ஆகியவற்றோடு வரும். இது பிறருக்குத் தொற்றாது.

பாக்டீரியா தொற்று: மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டியான பீளை வரும். இதற்குத்தான் ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து.

மெட்ராஸ் ஐ: பெரும்பாலும் அடினோ வைரஸ் என்ற கிருமியால் வருவது. ஒரு கண்ணில் தொடங்கி, ஓரிரு நாளில் மறு கண்ணுக்கும் போகும். மணல் விழுந்தது போன்ற உறுத்தல், நீர் வடிதல், காலையில் இமை ஒட்டிக்கொள்ளுதல் இருக்கும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களுக்கும் வேகமாகப் பரவும்.

ஹெர்பெஸ் கண் நோய்: காய்ச்சலுக்குப் பின் உதட்டோரத்தில் கொப்புளம் வருகிறதல்லவா, அதே ஹெர்பெஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் கண்ணில் வருவது. பெரும்பாலும் ஒரு கண்ணில் மட்டும் வரும். வலி, கூச்சம், பார்வை மங்கல் இருக்கும். சிலருக்கு இமையில் சின்னக் கொப்புளங்களும் தோன்றும்.

இவற்றில் கடைசி இரண்டும் வைரஸால் வருபவை. ஆனால் ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

மெட்ராஸ் ஐ-க்கு வைரஸ் மருந்து உண்டா?

இந்த நோய்க்கு நம் ஊர்ப் பெயரே அமைந்துவிட்டது. 1918-ல் சென்னையில் முதலில் இனங்காணப்பட்டதால் அப்பெயர் வந்தது என்பார்கள். 1819-ல் தொடங்கப்பட்டு இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனை, உலகின் மிகப் பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று. 2022 நவம்பரில் தமிழகத்தில் இந்த நோய் பரவியபோது, நாள்தோறும் 4,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்படுவதாக மாநில சுகாதாரத் துறை அமைச்சர் அறிவித்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

அடினோ வைரஸை அழிப்பதற்கென்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட சொட்டு மருந்து இன்றுவரை இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ஒன்று முதல் இரண்டு வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய கண்மேல் வைப்பதும், செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து போடுவதும் எரிச்சலைக் குறைக்கும். ஆன்டிபயாடிக் சொட்டு மருந்து வைரஸைக் கொல்லாது. பாக்டீரியாவும் சேர்ந்திருக்கலாம் என்று மருத்துவர் கருதினால் எழுதித் தருவார். சிலருக்கு நோய் போன பிறகும் சில வாரங்கள் பார்வை சற்று மங்கலாக இருக்கலாம். அப்படி இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வைரஸ் எதிர்ப்பு மருந்து யாருக்கு?

ஹெர்பெஸ் கண் நோய்க்கு. 1962-ல் ஐடாக்ஸியூரிடின் என்ற மருந்து இந்தப் புண்ணை ஆற்றும் என்று அமெரிக்கக் கண் மருத்துவர் ஹெர்பர்ட் காஃப்மன் காட்டினார். அதற்கு முன் வைரஸ் கண் புண்ணைக் குணமாக்க நல்ல மருந்தே இல்லை. ஆனால் அது வைரஸோடு சேர்த்துக் கண்ணின் நல்ல செல்களையும் வருத்தியது.

அதன்பின் வந்ததுதான் இன்று பலரும் அறிந்த அசைக்ளோவிர். இதை உருவாக்கிய குழுவை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் என்ற பெண் விஞ்ஞானிக்கு 1988-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்து வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் நம் பாடத்தில் பாதி புரிந்துவிடும். அசைக்ளோவிர் ஒரு பூட்டிய பெட்டி போன்றது. அதைத் திறக்கும் சாவி ஹெர்பெஸ் வைரஸிடமே இருக்கிறது. வைரஸ் புகுந்த செல்லில் அதன் சாவியே பெட்டியைத் திறந்துவிட, உள்ளிருக்கும் மருந்து வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. வைரஸ் இல்லாத செல்லில் பெட்டி பெரும்பாலும் மூடியே கிடப்பதால் அங்கே கெடுதலும் குறைவு. அடினோ வைரஸிடம் அந்தச் சாவி கிடையாது. ஆகவே மெட்ராஸ் ஐ வந்தவர் அசைக்ளோவிர் போட்டால் பெட்டி திறக்காது. காசும் நாளும்தான் போகும்.

மருத்துவர்கள் பொதுவாக எழுதும் மருந்துகள் இவை:

அசைக்ளோவிர் 3% கண் களிம்பு: வழக்கமாக ஒரு நாளைக்கு 5 முறை. புண் ஆறிய பிறகும் குறைந்தது 3 நாள் தொடரச் சொல்வார்கள்.

கான்சிக்ளோவிர் 0.15% கண் ஜெல்: புண் ஆறும்வரை 5 முறை, பிறகு ஒரு வாரம் 3 முறை.

ட்ரைஃப்ளூரிடின் சொட்டு மருந்து: 21 நாளுக்கு மேல் போடக் கூடாது. அதிக நாள் போட்டால் மருந்தே கருவிழியைப் புண்ணாக்கும்.

இவை பொதுவான அளவுகள். உங்களுக்கு எத்தனை முறை, எத்தனை நாள் என்பதைக் கண்ணைப் பார்த்த மருத்துவரே சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அசைக்ளோவிர் தோலில் பூசும் கிரீமாகவும் கடைகளில் கிடைக்கிறது. அது 5%. பார்ப்பதற்குக் கண் களிம்பின் டியூப் போலவே இருக்கும். அதைக் கண்ணில் போடக் கூடாது. டியூபின் மேல் "கண்ணுக்கு" என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் படித்துக் காட்டட்டும்.

இந்த வைரஸ் ஒருமுறை உடலுக்குள் வந்தால் முழுவதுமாகப் போய்விடுவதில்லை. முகத்தின் நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடந்து, காய்ச்சல், கடும் வெயில், உடல் சோர்வு ஆகிய காலங்களில் மீண்டும் எழலாம். அடிக்கடி வருகிறவர்களுக்கு மருத்துவர் நீண்ட நாள் மாத்திரை தருவதுண்டு. 1998-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஓராண்டு அசைக்ளோவிர் மாத்திரை எடுத்தவர்களில் 100-க்கு 19 பேருக்கும், எடுக்காதவர்களில் 100-க்கு 32 பேருக்கும் நோய் திரும்ப வந்தது. எனவே ஒருமுறை இந்த நோய் வந்தவர், அடுத்த முறை கண் சிவந்தால் பழைய டியூபைத் தேடாமல் பழைய மருத்துவச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

நெற்றியில் அக்கி வந்தால்

அக்கி வந்தால் காவி மண்ணைக் குழைத்து "அக்கி எழுதும்" வழக்கம் நம் பகுதியில் இன்னும் இருக்கிறது. நெற்றி, இமை, மூக்கு என முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிச்சலோடு கொப்புளங்கள் வந்தால் அது கண்ணையும் தாக்கக்கூடிய அக்கி. சின்ன வயதில் வந்த அம்மையின் வைரஸே பல ஆண்டுகள் கழித்து இப்படி எழுகிறது. மூக்கின் நுனியில் கொப்புளம் தெரிந்தால் கண் பாதிக்கப்பட வாய்ப்பு அதிகம். இதற்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது. வைரஸ் எதிர்ப்பு மாத்திரை வேண்டும். அதுவும் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அக்கி எழுதிவிட்டு மூன்று நாள் பார்ப்போம் என்று இருந்தால், கழிவது அந்த மூன்று நாள்தான்.

சிவப்பு போனது, புண் ஏன் பெரிதானது?

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். கிருமி புகுந்த இடத்தில் நம் உடல் போராடுகிறது. அந்தப் போராட்டத்தின் அடையாளமே சிவப்பும் வீக்கமும். ஸ்டீராய்டு மருந்து அந்தப் போராட்டத்தை அடக்கிவிடும். சிவப்பு மறையும், வலி குறையும், நமக்கு நிம்மதியாக இருக்கும். காவலாளியை உறங்க வைத்த வீட்டில் திருடனுக்கு என்ன தடை? வைரஸ் தாராளமாகப் பெருகுகிறது. மரக்கிளை போன்ற மெல்லிய கோடாக இருந்த புண் அகலமாகப் பரவுகிறது. ஆறினாலும் வெள்ளைத் தழும்பு விழுந்து பார்வையை மறைக்கிறது. சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போய்விடுகிறது.

இதைத் தவிர, ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மருத்துவர் மேற்பார்வையின்றி நீண்ட நாள் போட்டால் கண்ணில் அழுத்தம் கூடும், கண்புரையும் வரும்.

மருந்துப் பெட்டியில் டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன், ஃப்ளூரோமெத்தலோன், லோட்டிபிரெட்னால் என்ற பெயர்களில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. ஆன்டிபயாடிக்கோடு கலந்தும் ஒரே குப்பியில் வரும். அதனால்தான் "இது சாதாரண ஆன்டிபயாடிக்தானே" என்று ஏமாந்துபோகிறோம்.

அதே நேரம், ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று பயப்படவும் வேண்டாம். ஹெர்பெஸ் நோயிலேயே கருவிழியின் உள் அடுக்கு வீங்கும்போது, வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு சேர்த்து மருத்துவரே ஸ்டீராய்டு தருவதுண்டு. அப்படித் தந்ததை நாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. எப்போது தொடங்குவது, எப்படிக் குறைப்பது என்பது கருவிழியைப் பரிசோதித்தவரின் பொறுப்பு. கண்ணில் ஒரு சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் அந்தக் கிளை போன்ற புண் பச்சையாகத் தெரியும். சில நிமிடங்களில் முடியும் இந்தப் பரிசோதனையை மருந்துக் கடையில் செய்ய முடியாது.

மருந்து போடும் முறை

1. கையை சோப்பு போட்டு நன்றாகக் கழுவுங்கள். அடினோ வைரஸுக்கு சானிடைசரைவிட சோப்பும் தண்ணீருமே நல்லது.

2. மருந்தின் பெயர், காலாவதித் தேதி, எந்தக் கண்ணுக்கு என்பதைப் பாருங்கள். நல்ல கண்ணுக்கும் "எதற்கும் இருக்கட்டும்" என்று போட வேண்டாம்.

3. தலையைச் சாய்த்து மேலே பாருங்கள். கீழ் இமையை மெல்ல இழுத்தால் ஒரு பை போல வரும். அதில் ஒரு சொட்டு விடுங்கள். கண் தாங்கும் அளவே ஒரு சொட்டுக்குள்தான். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும்.

4. குப்பியின் நுனி கண்ணிலோ இமையிலோ விரலிலோ படக் கூடாது. பட்டால் கிருமி குப்பிக்குள் போய், அடுத்தடுத்த வேளை மருந்தோடு கண்ணுக்குத் திரும்பும்.

5. கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய உள் மூலையை விரலால் இரண்டு நிமிடம் மென்மையாக அழுத்திக்கொள்ளுங்கள். மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணிலேயே நிற்கும்.

6. இரண்டு மருந்து இருந்தால் இடையே 5 நிமிடம் விடுங்கள். சொட்டு மருந்து முதலில், களிம்பு கடைசியில்.

7. களிம்பு போட்டதும் சிறிது நேரம் பார்வை மங்கும். அது தெளியும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். நோய் தீரும்வரை கான்டாக்ட் லென்ஸும் வேண்டாம்.

8. குப்பியைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். திறந்து நான்கு வாரம் ஆனதும், அல்லது உறையில் அதற்குக் குறைவாகச் சொல்லியிருந்தால் அந்தக் கெடுவில், மிச்சமிருந்தாலும் எறிந்துவிடுங்கள். ஒருவர் குப்பியை இன்னொருவர் தொட வேண்டாம்.

தாய்ப்பால், பன்னீர், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் ஆகியவற்றைக் கண்ணில் விடும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். அன்போடு செய்வதுதான், ஆனால் புண்ணான கருவிழிக்கு அவை புதிய கிருமியைக் கொண்டுவரலாம்.

நோன்பும் ஒளூவும்

"நோன்பு வைத்துக்கொண்டு சொட்டு மருந்து போடலாமா?" என்று ரமலானில் பலர் கேட்கிறார்கள். போடக் கூடாது என்று நினைத்துப் பகல் முழுவதும் மருந்தை நிறுத்துகிறவர்களும் உண்டு. நம் பகுதியில் பின்பற்றப்படும் ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது என்பதே நிலைப்பாடு. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், தொண்டைக்கு வந்ததை விழுங்காமல் தவிர்த்தால் கண் சொட்டு மருந்து நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. கண்ணிலிருந்து மூக்குக்குச் சின்னக் கண்ணீர்க் குழாய் இருப்பதால்தான் சில நேரம் தொண்டையில் கசப்பு தெரிகிறது. மேலே சொன்னபடி உள் மூலையை அழுத்திக்கொண்டால் அதுவும் பெரும்பாலும் வராது. ஆகவே 5 வேளை மருந்தை 2 வேளையாக நாமே குறைத்துக்கொள்ள வேண்டாம். மனதில் தயக்கம் இருந்தால் நம் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஒளூவில் முகம் கழுவும்போது கண்ணின் உட்பக்கத்தைக் கழுவுவது கடமை இல்லை. கண்ணை மூடி மென்மையாகக் கழுவினால் போதும். கண்ணில் தண்ணீரே படக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அதற்கான சலுகைகளை இமாம் விளக்குவார்.

வீட்டிலும் மஸ்ஜிதிலும்

மெட்ராஸ் ஐ உள்ளவரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது தவறு. கண்ணீர் பட்ட கை, துண்டு, தலையணை உறை வழியாகத்தான் பரவுகிறது. உலர்ந்த பொருட்களின் மேலும் இந்தக் கிருமி பல நாள் உயிரோடு இருக்கும். எனவே வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித் துண்டு. ஒரே சுர்மாக் குச்சியை எல்லோருக்கும் போடும் வழக்கம் வேண்டவே வேண்டாம். சில சுர்மாக்களில் ஈயம் இருப்பதால் குழந்தைகளுக்கு நோய் இல்லாத நாளிலும் அதைத் தவிர்ப்பது நல்லது.

மஸ்ஜிதில் ஒளூ செய்தபின் பொதுத் துண்டில் முகம் துடைக்க வேண்டாம். கண் சிவந்து நீர் வடியும் நாட்களில் கைகொடுப்பதையும் கட்டித் தழுவுவதையும் தவிர்த்து, வாயால் ஸலாம் சொன்னால் போதும். அப்படிச் சொல்பவரைத் தவறாக நினைக்கவும் வேண்டாம். மக்தபுக்கு வரும் பிள்ளைகளைக் கண் சரியாகும்வரை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன பாடத்தை உஸ்தாத் பிறகு சொல்லித் தருவார்.

உடனே போக வேண்டிய அடையாளங்கள்

கண்ணில் வலி, வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, ஒரு கண் மட்டும் சிவந்து சில நாளில் குறையாமை, இமையிலோ நெற்றியிலோ கொப்புளம், கான்டாக்ட் லென்ஸ் போடுபவருக்குக் கண் சிவத்தல், முன்பு ஹெர்பெஸ் வந்த கண், பிறந்து ஒரு மாதத்துக்குள் உள்ள குழந்தையின் கண் சிவப்பு அல்லது பீளை. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து நமக்கு வழி இல்லாமல் இல்லை. ஆவடி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம். ஆவடியிலிருந்து ரயிலில் சென்ட்ரல் போனால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை பக்கம்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம். போகும்போது இதுவரை போட்ட மருந்துக் குப்பிகளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவர் திட்டுவார் என்று மறைக்க வேண்டாம். அதைப் பார்த்தால்தான் அவருக்கு வழி தெரியும்.

இந்த வாரம் வீட்டில் செய்ய வேண்டியது

குடும்பத்தோடு உட்கார்ந்து அலமாரியிலும் ஃப்ரிட்ஜ் கதவிலும் இருக்கும் கண் மருந்துகளை எல்லாம் வெளியே எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இது யாருக்குக் கொடுத்தது? எந்த நோய்க்கு? எப்போது திறந்தது? இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா? நான்குக்கும் பதில் தெரியாத குப்பி குப்பைக்குப் போகட்டும். இப்போது மருத்துவர் சொல்லிப் போட்டுக்கொண்டிருக்கும் மருந்தை மட்டும் விட்டுவையுங்கள்.

அந்த இளைஞருக்குச் சிகிச்சை தொடர்கிறது. புண் ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். தழும்பு இருக்கிறது. அந்தக் கண்ணால் சின்ன எழுத்தைப் படிக்க இன்னும் சிரமப்படுகிறார். அவருடைய தாய் இப்போது தெருவில் யாருக்குக் கண் சிவந்தாலும் முதலில் கேட்பது, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றுதான். நம் எல்லோர் வீட்டிலும் அந்தக் கேள்வி முதலில் வரட்டும், இன்ஷா அல்லாஹ்.